கொய்னா மாத்திரை கொடுத்த கம்பவுண்டர் அண்ணன்

கம்பவுண்டர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, சேந்தமங்கலத்தில், மகள் வீட்டில்.

நூறு வயது. கல்யாணச்சாவு என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்… எனக்கு அது ஆறுதலாக இல்லை.

எனக்கே தொண்ணூற்றெட்டு. கை நடுங்குகிறது, அதனால் போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்கு முந்தின வருடம். சேந்தமங்கலத்தில் எங்கள் சேவா சங்கம் மாதம் ஒருமுறை கொல்லிமலைக்கு மருந்து கொண்டுபோகும். அப்போது ரோடு ஏது? விடியும்போது ஏற ஆரம்பித்தால் வளப்பூர் நாடு போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும்.

சங்கத்தில் பெரிய மனிதர்கள் நிறையப் பேர். மலை ஏறுகிறவர்கள்தான் குறைவு. அண்ணன் மருந்துப் பெட்டியோடு முன்னால் நடப்பார். மலைப் பெண்களைப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே என்று, நர்ஸ் ட்ரெயினிங் முடித்திருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் மூச்சு வாங்கி நின்றால் திரும்பிப் பார்ப்பார். "ஏனுங்க நர்சம்மா, மெதுவா வாங்க. மலை எங்கீங்க போயிரப் போவுது."

அந்த மாதம் மலையில் குளிர்காய்ச்சல், இப்போது மலேரியா என்கிறோமே அது. வீட்டுக்கு வீடு படுத்துக்கிடந்தார்கள். அண்ணன் கொய்னா மாத்திரையைக் கொடுத்து எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்.

"வெறும் வயித்துல போட்டுறாதீங்க. நெல்லுச்சோறு தின்னுட்டுப் போடுங்க."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை. தினமும் அரிசி தின்கிற வாய்…

அடுத்த மாதம் போனோம். சிலர் களி தின்றுவிட்டே மாத்திரை போட்டுப் பிழைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளை அவிழ்த்து அண்ணன் கையில் வைத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"எங்களுக்கு நெல்லுச்சோறு நோம்பி, பண்டிகைக்குத்தானுங்க. மத்த நாளெல்லாம் சாமையும் கேவுருந்தான். நோம்பிக்கு நாள் கெடந்துச்சு… நீங்க சொன்னபடிக்கு எடுத்து வெச்சிருந்தோம். அதுக்குள்ள போயிட்டாருங்க. வேற ஆருக்காச்சும் ஆகும், கொண்டுபோங்க."

அந்த அம்மா குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "களியோ கஞ்சியோ, எது குடிச்சிட்டுப் போட்டிருந்தாலும் போதுமுங்க. நான் சொன்னதுதான் தப்பு. எம் மேலதானுங்க தப்பு."

அன்று எல்லா வீட்டுக்கும் மறுபடி போனார். அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுத்தார்.

கீழே வந்ததும் சங்கக் கூட்டம். தலைவர் ஒரு வக்கீல். 'மலைவாசிகள் மருந்தை உட்கொள்ளாததால் ஒரு மரணம்' என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார்.

அண்ணன் எழுந்தார். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற மனிதர்.

"அது பொய்ங்க. அவிங்க சொன்ன பேச்சைக் கேட்டாங்க. அதனாலதான் செத்தாரு. எம் பேரைப் போட்டு எழுதுங்க."

"உக்காருப்பா. சங்கத்துக்கு எதுக்குக் கெட்ட பேரு?" என்றார் தலைவர். கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். மரணமே நடக்காத மாதிரி.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் அண்ணன் சங்கத்தை விடவில்லை. முழங்கால் ஒத்துழைத்தவரை மலை ஏறினார். சங்கம் விழா மலர் போடும்போதெல்லாம் மலை முகாம் பற்றிய பக்கத்தில் அவர் போட்டோ இருக்கும்.

ஒவ்வொரு முறையும் மலர் அச்சுக்குப் போகும் முன் ஆபீஸில் போய் நிற்பார். "எம் படம் வேண்டாமுங்க. அந்த எடத்துல, செத்துப்போனாரே, அவரு பேரைப் போடுங்க."

பார்க்கலாம் என்பார்கள். எத்தனை தலைவர்கள் மாறினார்கள்… ஒருவரும் போடவில்லை.

போன மாதம் போனில் பேசும்போதுகூட அதே பேச்சு. "நர்சம்மா, சங்கத்துல அந்தப் பேரு தெரிஞ்சவிங்க இப்ப நாம ரெண்டு பேருதானுங்க."

இப்போது நான் ஒருத்தி.

அவர் பெயர் சடையன். வளப்பூர் நாடு. குளிர்காய்ச்சலில் இறந்தார். மருந்து வீட்டில் இருந்தது. நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

எழுதிவிட்டேன் அண்ணா. போய் வாருங்கள்.