மாப்பிள்ளை காதில் அமெரிக்க மலைப்பாட்டு

இன்று காரவள்ளி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தது, மகளுக்குப் பார்த்திருக்கும் பையன். காதில் இயர்போன். எங்கள் மலைப்பாதையின் எழுபது வளைவிலும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாருங்க தம்பி பேசறது?"

"பாட்டுங்க மாமா. அமெரிக்காவுல மலைக்காரங்க பாடறது. இப்பத்தான் கேக்கப் பழகறனுங்க."

இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டேன். வாசலூர்பட்டி ஏரியில் நான் பாடினால் படகுகளே நிற்கும். எனக்குப் பிடிபடாத பாட்டா? பாஞ்சோ என்று ஒரு கம்பி வாத்தியமாம், அது தடதடக்க ஒருவன் அழுதான்.

"எதுக்குங்க அழுவறான்?"

"மலைய உட்டுட்டுப் பொழைக்கப் போயிட்டானுங்க. ஊட்டு நெனப்பு."

மகளை மலையை விட்டுக் கீழே கூட்டிப் போய்விடுவானோ என்பதுதான் என் கவலையே. "நீங்களும் போவீங்களா?"

"இதக் கேட்டுட்டு எவனுங்க மாமா போவான்?"

நிச்சயத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். ஆனால் பாட்டு நடுவில் ஒரு பெண் பெயர் நாலு தரம் வந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள், அவள் யாரென்று விசாரித்துச் சொல்லுங்கள்.