அப்பா வாங்கிய வீடு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னபோது, எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் பல நாள் தள்ளிப் போட்டேன். ஒரு வீடு வாங்கிய கதையை நினைவு மலரில் எழுதுவது முறைதானா என்று இப்போதும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அப்பாவை நினைத்தால் அந்த வீடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ராயபுரத்தில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். பிறகு கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஓய்வு பெறும்வரை ஆபரேட்டராக இருந்தார். இரண்டு தங்கைகளுக்கும் தம்பிக்கும் திருமணம் முடித்த பிறகே தாம் திருமணம் செய்துகொண்டார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். சிறு வயதில் மாதம் பிறந்தால் வாடகை கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். மாதாமாதம் யாருக்கும் பணம் கட்டும் நிலை வரக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

அதனால்தான் நாங்கள் எப்போதும் லீஸ் வீட்டில் இருந்தோம். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அந்தத் தொகையோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து அடுத்த வீட்டுக்குப் போவோம். "நம்ம பணம் நம்மளுக்கு மின்னாடி வூடு மாறிக்கினே கீது" என்று அம்மா கேலி செய்வார். கடைசி லீஸ் வீடு திருவொற்றியூரில், தரைத்தளத்தில். வீட்டுக்காரர் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் தென்மாவட்டத்துக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

மழைக்காலத்தில் அந்த வீட்டின் குளியலறைக் குழி வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறும். ஃபிரிட்ஜையும் பீரோவையும் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம். திருமணத்துக்குப் பிறகும் நானும் என் கணவரும் பெற்றோருடனேயே இருந்தோம். என் மகள் தவழத் தொடங்கியதும், இன்னொரு மழைக்காலம் இங்கே வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

நாங்கள் இருவரும் சம்பளக்காரர்கள் என்பதால் வங்கிக் கடனுக்கு விசாரித்து வைத்திருந்தேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய ஓய்வுக்காலப் பணம், அம்மா சீட்டு எடுத்த பணம், எங்கள் சேமிப்பு, அண்ணாச்சியிடமிருந்து திரும்பும் லீஸ் பணம் எல்லாம் சேர்ந்தால் அடுத்த தெருவில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கடனில்லாமல் வாங்கிவிடலாம் என்றார். அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். மழைக்கு முன் பத்திரம் பதிய வேண்டும். தவறினால் அட்வான்ஸ் திரும்பாது.

லீஸ் பணத்தை அண்ணாச்சி கடைச் சரக்கில் போட்டிருந்தார். புதிதாக லீசுக்கு வருபவர் கொடுக்கும் பணத்தை வாங்கித்தான் எங்களுக்குத் தர முடியும். எங்கள் பக்கத்தில் அதுதான் நடைமுறை. வருபவர்களுக்கு வீட்டைக் காட்டுவதும் காலி செய்கிறவர் பொறுப்பு.

முதலில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பெண் மிக்சியை எங்கே வைக்கலாம் என்றுகூடப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அப்பா அந்தப் பையனைக் குளியலறைக்கு அழைத்துப் போனார்.

"மழைன்னா இந்தக் குழி வழியா தண்ணி ஏறும் நைனா. பெரிய மழைன்னா முட்டி வரிக்கும் வரும். பொருளெல்லாம் செங்கல் மேல கீது பாரு."

"முட்டி வரைக்குமா சார்?"

"என் முட்டிக்கு. நீ கொஞ்சம் குள்ளம்."

அவர்கள் டீ குடிக்காமலே போய்விட்டார்கள். "அத்த சொல்றதுக்கு மின்னாடி டீயாவது குடிக்க வுட்டிருக்கலாம் இல்ல?" என்று அம்மா அந்த டீயைத் தாமே குடித்தார்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். செய்தி தெரிந்து அண்ணாச்சி நேரில் வந்தார்.

"என்னண்ணே இது? உங்க துட்டுக்குத்தான ஆள் பாக்கோம்? வார ஆள நீங்களே வெரட்டி வுட்டா நான் எங்க போய்ப் பொரட்டுவேன்?"

"மறைக்கச் சொல்றியா அண்ணாச்சி?"

"அவன் கேக்கவே இல்லையே! நீங்கல்லா கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதிய!"

எனக்கும் அண்ணாச்சி சொல்வது சரி என்றே பட்டது. அவர் போன பிறகு அப்பாவிடம், "கேட்டாங்கன்னா சொல்லுங்கப்பா. கேக்காததை ஏன் சொல்றீங்க?" என்றேன்.

"நம்ம வந்தப்ப நான் கேட்டனா கண்ணு? கேக்கணும்னே தெரியல. வர்றவனுக்கு மட்டும் எப்டித் தெரியும்? அவன் வூட்லயும் ஒரு கொயந்த இருக்கும்."

அட்வான்ஸ் போனால் மறுபடி இந்தத் தரையில்தானே என் மகள் தவழ வேண்டும் என்ற பயம் எனக்கு இருந்தது. வாசலில் யாராவது வந்தால், அப்பா வெளியே போயிருக்கக் கூடாதா என்றும் தோன்றும். அவர் இல்லாமல் நானே காட்ட நேர்ந்தால் என்ன சொல்வேன் என்றும் தோன்றும்.

பிறகு சடையங்குப்பத்திலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் மனைவியுடன் வந்தார். அப்பா வழக்கம்போலக் குழியைக் காட்டினார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"முட்டி வரிக்கும் தானாண்ணா? எங்கூட்ல டிவி பொட்டியே மெதந்துச்சி. இதெல்லாம் ஒரு தண்ணியா?"

ஆனால் அவருடைய கணவர் விவரமானவர். "தண்ணி வர்ற வூட்டுக்கு முழுப் பணம் குடுக்க நான் இன்னா லூசா தலீவா? ஓனரக் கொறைச்சிக்கச் சொல்லு, வரேன்."

அண்ணாச்சி குறைத்துக்கொண்டார். அந்த அளவுக்கு எங்களுக்கு உடனே வரவேண்டியதும் குறைந்தது. மீதியைப் பிறகு தருவதாகச் சொன்னார். சொன்னபடி தந்தும் தீர்த்தார். ஆனால் பத்திரப் பதிவுக்கு அந்தப் பணம் உதவாது.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "பேங்க்ல கேட்டு வெச்சேன்னு சொன்னியே, சின்னதா ஒண்ணு குடுப்பானா?" என்றார். பேருந்துக்குச் சில்லறை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். வாழ்நாள் முழுவதும் காத்துவந்த ஒன்றை, வருகிறவரிடம் ஒரு வார்த்தையை மறைப்பதற்குப் பதிலாக, அவர் விட்டுக்கொடுத்தார்.

கடன் என் பெயரிலும் என் கணவர் பெயரிலும். வீட்டு விலையில் அது சிறு பங்குதான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மழைக்கு முன் பத்திரம் பதிவாயிற்று. தவணை கணக்கிலிருந்து தானாகவே போய்விடும் என்று எத்தனை முறை சொல்லியும், அந்தத் தேதியில் அப்பா காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பார்.

"யாரும் வர மாட்டாங்கப்பா."

"தெரியும் கண்ணு. வந்தா, ஆள் இல்லன்னு ஆவக் கூடாது இல்ல."

முதலிலேயே கடனுக்கு வற்புறுத்தியிருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காதே என்று சில நாள் நினைப்பேன். வற்புறுத்தாததே நல்லது என்றும் சில நாள் நினைப்பேன். எது சரி என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

சொந்த வீட்டில் அப்பா சில ஆண்டுகளே இருந்தார். பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். தண்ணீர் லாரி வரும் நேரத்தைத் தெருவுக்கே சொல்லும் ஆளாக இருந்தார். நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி நடந்து வரவில்லை.

அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேலை முறையை மாற்றிக்கொண்டு ஓடிவந்த யார்டு நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், காரியத்துக்கு அரிசி மூட்டை இறக்கிவிட்டு அதற்குப் பணம் வாங்க மறுத்த அண்ணாச்சிக்கும், தோள் கொடுத்த லாரி ஓட்டுநர் அண்ணனுக்கும், அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அப்பாவைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவர் பெயரைக் கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. வண்டியை நிறுத்தியதும் அவர் என் கணவரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "ஹவுஸ் ஓனராண்ட சொல்ட்டீங்களா சார்? மேல ஏத்த வுடுவாங்களா? வுடலன்னா பேஜாராப் பூடும்." வாடகை வீடுகளில் இறந்தவரை உள்ளே கொண்டுவரப் பலர் சம்மதிப்பதில்லை. வாசலோடு அனுப்பப்பட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். வண்டிக்குள் அப்பாவின் அருகில் இருந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"நாங்கதான் ஓனரு. தூக்குப்பா."

தம் வேலை இல்லையென்றாலும் அவரும் ஒரு பக்கம் பிடித்து மாடி ஏறினார். மறுநாள் பிற்பகல் வரை அப்பா தம் வீட்டுக் கூடத்தில் இருந்தார். நீங்கள் எல்லோரும் வந்துகொண்டே இருந்தீர்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

குடும்பத்தார் சார்பில்,
மகள்