கோலின் அடிப்பக்கம்

மூடிக் கிடக்கிற மடுவில் தூண்டில் போட நீளக் கோல் ஆகாது. திறந்த தண்ணீரில் நீளம் நல்லதுதான். கரையைவிட்டுத் தள்ளி நிற்கலாம், நம் நிழல் தண்ணீரில் விழாது. ஆனால் மரம் கவிந்து, சம்பும் கோரையும் நெருங்கி, நடுவில் ஒரு முறம் அகலத்துக்குத்தான் தண்ணீர் தெரிகிறது என்றால் கதை வேறு. நீளக் கோலைத் தூக்கினால் நுனி கிளையில் மாட்டும். நூல் இலையில் சுற்றும். அதற்குள் மீன் கோரைக்குள் புகுந்துவிடும். அங்கே ஆள் உயரக் கோல் போதும், நூல் அதைவிடக் கட்டையாக இருக்க வேண்டும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுகொண்டது.

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பெண்கள் தூண்டிலைத் தொடமாட்டார்கள். கூடையை வைத்துச் சேற்றில் துழாவுவதோடு சரி. கோல் ஆம்பளைக்கு உரியது. அதையும் ஆளை அளந்துதான் வெட்டுவார்கள். பையனுக்கு மீசை அரும்பியதும் சுவரோரம் நிறுத்திக் கையை மேலே தூக்கச் சொல்லி, விரல் நுனிக்கு மேலே ஒரு முழம் விட்டு மூங்கிலை நறுக்குவார்கள். அவன் ஆயுசுக்கும் அதுதான் கோல். அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் செருகியிருக்கும். ஆள் செத்துவிட்டால் நூலை அவிழ்த்துவிட்டு, ஆடி அமாவாசையன்று அந்தக் கோலை மடுவின் கரையில் நட்டுவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவன் கோலை நறுக்கினால் அவன் ஆயுசை நறுக்கினதாக ஆகும் என்பது அவர்கள் பேச்சு.

சின்னாறு வளைகிற இடத்தில், புங்க மரத்தடியில் இருந்தது மடு. கரையில் அந்த வீட்டு ஆம்பளைகளின் கோல்கள் வரிசையாக நட்டு நின்றன. பழையவை உளுத்து விழுந்துவிட்டன. நான் போனபோது என் மாமனார் கோல்தான் கடைசி. அவரை நான் பார்த்ததில்லை. பகலில்கூட அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. காற்றே இல்லாதபோதும் கோரை மட்டும் அசையும்.

சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்கு ரோடு போடுகிற வேலைக்குப் போனார். முதலில் ஆள் மூலமாகச் சேதி வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கூடப் போனவர்களில் சிலர் காய்ச்சலில் செத்தார்கள் என்று தெரிந்தது. இவரைப் பற்றி ஒன்றும் இல்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். பக்கத்து வீட்டில் மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன்.

மழையும் பொய்த்த வருஷம் அது. கேழ்வரகுக் கூழும் ஒருவேளைதான். ஆறு சுருங்கிப் போய், மீன் எல்லாம் மடுவின் மூடின மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. ஒருநாள் மூத்தார் வந்து, என் வீட்டுக்காரர் கோலை எடுத்து வாசலில் போட்டார். புகை குடித்த நல்ல கோல், சும்மா கிடக்கிறதே, பாதியாக நறுக்கினால் மூலைக்கு ஆகும் என்றார். இல்லாவிட்டால் ஆடி அமாவாசைக்கு நட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

நறுக்கினாலும் நட்டாலும் எனக்கு ஒன்றுதான். கோல் கரையில் நின்றால் அவர் செத்தார் என்று ஊர் ஒத்துக்கொண்டதாகிவிடும். அன்றைக்கே என் தாலி இறங்கும். பிள்ளை இல்லாதவள், பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஒரு பெண் அதை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"நறுக்க வேண்டாங்க மாமா. இப்படியே நான் புடிக்கறேன்" என்றேன்.

"அந்த மூலைல இதத் தூக்கவே முடியாது புள்ள. மரத்துலதான் மீனு புடிப்ப" என்று சிரித்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் போனேன். மண்புழுவைக் கோர்த்தேன். ஆவாரம்பட்டைச் சாறு ஏற்றின நூல், சோளத்தட்டை நெட்டியில் செய்த தக்கை, எல்லாம் அவர் கட்டி வைத்தபடியே இருந்தது. நூலை மட்டும் சுற்றிக் கட்டையாக்கினேன். கோலை அடியில் பிடிக்காமல் நடுவில் பிடித்தேன். முன்னால் என் உயரத்துக்குக் கோல், மிச்சம் என் தோளுக்குப் பின்னால் கோரைக்குள் நீண்டு கிடந்தது. நுனி கிளைக்கு அடியில் சுளுவாக நுழைந்தது. மூத்தார் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

தக்கை முங்கியது. தூக்கினேன்.

கோல் என் இழுப்புக்கு வரவில்லை. பின்னால் அடிப்பக்கம் யாரோ பிடித்திருப்பது போல் கனமாக இருந்தது. கோரையில் சிக்கியிருக்கும் என்று நினைப்பதற்குள் கோல் தானாக இடது பக்கம் திரும்பி எழுந்தது. இடது பக்கம்தான் கிளை இல்லாத சந்து ஒன்று இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தச் சந்து வழியாக ஒரு கெளுத்தி துடித்துக்கொண்டு மேலே வந்தது.

மடுவில் தக்கை போட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, நிழல் ஆடினால் மீன் கலையும். அந்தக் கட்டுப்பாடு அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் திரும்பவில்லை. ஆனால் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. என் வீட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கம். சோறு தவிர எல்லாம் இடது கையில்தான் செய்வார்.

அதற்கப்புறம் போன போதெல்லாம் அப்படியே நடந்தது. கூடை நிறைய மீன் வந்தது. எங்கள் இரண்டு பேர் வயிறும் நிறைந்தது. ஒவ்வொரு மீன் ஏறும்போதும் எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒன்று இறங்கும். பின்னால் நிற்கிறது அவர் என்றால், அவர் இப்போது இல்லை. மீன் வராமல் இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். மீனோ வந்துகொண்டே இருந்தது. பசி பொறுக்காமல் நானும் போய்க்கொண்டே இருந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. மாமியார் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே, இத்தனை மீன் எப்படிக் கிடைக்கிறது, கோல் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. இடது பக்கம் என்றேன். அருவாமனையில் அவர் கை நின்றது.

"அவுங்கப்பனுக்கும் எடது கைதான்" என்றார். அப்புறம் மறுபடியும் மீனை ஆய ஆரம்பித்தார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் உயிர் வைத்திருந்தேன். அப்பன் கையா, பிள்ளை கையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பன் கையை நான் அறிந்தவள் இல்லையே.

ஆடி அமாவாசையன்று மூத்தார் குளித்துவிட்டு, திருநீறு பூசி, கடப்பாரையோடு வந்தார். கோலைக் கேட்டார். அவர் முகத்திலும் அழுகை இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். மாமியார் எழுந்து கோலை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். வா என்று முன்னால் நடந்தார். நானும் மூத்தாரும் பின்னால் போனோம்.

மடுவில் மூத்தாரை மேட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். நான் உட்காருகிற இடத்தில் மாமியாரே உட்கார்ந்தார். நான் பிடிக்கிறது போலவே கோலை நடுவில் பிடித்தார். வெயில் சுட்டது, ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் ஈரக் குளிர். தக்கை ஆடாமல் நின்றது. பிறகு முங்கியது. கோல் இடது பக்கம் எழும்பியது. அவர் மீனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுப்பில் சூடு பார்க்கிற மாதிரி, கைப்பிடியிலேயே கவனமாக இருந்தார்.

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "எத்தன வருசம் இந்தக் கையோட ஏர் புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது எம் புள்ள இல்ல. அவுங்கப்பன்."

மேட்டில் நின்ற மூத்தார், ஆத்தா, நல்லாப் பார்த்துச் சொல்லு என்றார்.

"எம் புள்ள கை பொசுக்குனு இழுக்கும். இது பொறுத்து இழுக்குது. கடப்பாரய எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போடா."

மூத்தார் போய்விட்டார். தாய் சொன்ன பிறகு ஊரும் வாயை மூடிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தது அடுத்த கோடையில். எலும்பும் தோலுமாக, தொப்பூர்க் கணவாய்வரை லாரியில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்தார். மாமியார் ஆச்சரியப்படவில்லை. கூழைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, கோல் மேலேதான் இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான். கொஞ்சம் தேறினதும் அவர் அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். புகைக் கருப்பு நடுவில் தேய்ந்திருந்தது. அங்கே நான் பிடித்தேன் என்றேன். அடியிலும் ஒரு பிடி அளவுக்குத் தேய்ந்து மஞ்சளாகப் பளபளத்தது. அங்கே யார் பிடித்தது என்று கேட்டார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் கோலை வாங்கி அடுப்புக்கு மேலேயே செருகினார்.

என் வீட்டுக்காரர் எனக்கென்று மூங்கில் வெட்டித் தந்தார். சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லாமல், உச்சந்தலையோடு அளந்து நறுக்கினார். மூலைக்கு அதுதான் சரியான அளவு. அதை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் மடுவுக்குப் போனேன். அடியில் பிடித்தேன். எனக்குப் பின்னால் கோல் இல்லை. தக்கை முங்கவே இல்லை. கோல் இறகு மாதிரி லேசாக இருந்தது. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். மாமனார் கோல் நட்ட இடத்திலேயே நின்றது. அதற்கு முன்னால், எனக்கு ஒரு கை தூரத்தில், ஆள் ஒருத்தர் வெகுநாள் உட்கார்ந்திருந்த அளவுக்குக் கோரை படிந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒவ்வொன்றாக நிமிர ஆரம்பித்தது.