சூடு ஏற்றி அனுப்பிய ரெய்டு

1. மழைக்கால டீம்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ராடு தூக்கத் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. "கபடி ஆடுவியா?" என்றுதான் டிரில்லர் தங்கவேல் அண்ணன் கேட்டார். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், கோழிப்பண்ணை, தறிப்பட்டறை என்று எதிலும் நிலைக்கவில்லை. ஆடுவேன் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

வருடத்தில் பாதிக்கு மேல் வண்டி வடக்கே ஓடும். மழை பிடித்தால் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். அந்தச் சும்மா இருக்கும் மாதங்களில் ஓனர் ஒரு கபடி டீம் வைத்திருந்தார். அண்ணன் கேப்டன். ஆளை முதுகில் ஓங்கி அறைந்து, நாலு வார்த்தை திட்டித்தான் ரெய்டுக்கு அனுப்புவார்.

"கம்ப்ரசர சூடு பண்ணாம லோடு குடுப்பியாடா? மனுசனும் அப்படித்தான்" என்பார்.

எனக்கு அது பொருந்தியது. திட்டு வாங்கினால்தான் எனக்குக் கால் ஓடும்.

ஆரோக்கியராஜ் வேறு மாதிரி. சூரமங்கலத்துக்காரன், எங்கள் வண்டியிலேயே ஹெல்ப்பர். ரெய்டு போனால் எதிராளிகளின் கால்களை மட்டும் பார்ப்பான். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்துகொண்டே இருக்கும். இரண்டு முறை வெறுங்கையோடு வருவான். மூன்றாவது முறை இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவான்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தியா?" என்று எதிர் டீம்காரன் ஒருமுறை கேலி செய்தான்.

ஆரோக்கியம் நடுக்கோட்டைத் தாண்டி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமாங்க, காபிதான் இன்னும் வரலீங்க" என்றான். கூட்டமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

2. அயோத்தியாப்பட்டணம்

அயோத்தியாப்பட்டணத்தில் நடந்த டோர்னமெண்டுக்கு, மேட்டூர்க் கம்பெனி டீம் ஒன்றுக்கு ஆள் எடுக்கும் கோச் வந்திருந்தார். அவர் எடுத்தால் நிரந்தர வேலை. ஆரோக்கியத்தின் அம்மா வீட்டில் தனியாக இருந்தார். "இந்தத் தடவ வண்டி கெளம்பறப்ப நான் கீழ நின்னு டாட்டா காட்டுவேன் பாரு" என்று காலையில் என்னிடம் சொன்னான்.

ஃபைனலில் பாயிண்ட் சமமாக இருந்தது. கடைசி ரெய்டு ஆரோக்கியத்துடையது. அதற்கு முந்தைய இரண்டு ரெய்டிலும் சும்மாதான் வந்திருந்தான். அண்ணன் அவன் பனியனைப் பிடித்து இழுத்தார்.

"ரோஷமே இல்லையாடா உனக்கு? ஊரே பாக்குது, பல்லக் காட்டிட்டு வாரே! உங்கம்மா உன்னய ஆம்பளையாத்தான் பெத்தாளா?"

"அண்ணா, அம்மாவ எதுக்குங்க..."

முதுகில் அறை விழுந்தது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நான் வெளியே சப்ஸ்டிட்யூட் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும் போலக் கை தட்டினேன்.

அன்று அவன் எதிராளிகளின் கால்களைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தான். நேராகக் கார்னர்காரன் மேல் பாய்ந்தான். கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். விசில் ஊதிய பிறகும் பிடித்தவனை உதைத்தான். சிவப்பு அட்டை.

நான் கோச்சின் பின்னால் ஓடினேன். "ஏனுங்க, அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"பாத்தனுங்க. அந்தச் சிரிப்போடயே போயி வெறுங்கையா வந்திருந்தாலும் எடுத்திருப்பேன். அடுத்தவன் ஏத்திவிட்டா ஏறிக்கற ஆளு எனக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

3. சிக்கிய ஹாமர்

மழை விட்டதும் வண்டி கிளம்பியது. ஆரோக்கியமும் எங்களோடு ஏறினான். ஒரு சோளக்காட்டில் போர் போடும்போது, ராடு முனையில் பாறையை உடைக்கும் ஹாமர் இடுக்கில் சிக்கிக்கொண்டது. முரட்டுத்தனமாக இழுத்தால் ராடு முறியும், கீழே இருப்பதெல்லாம் போய்விடும். அண்ணன் லீவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூக்கினார், கொஞ்சம் இறக்கினார். ஏர் விட்டார், நிறுத்தினார். மத்தியானம் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் அதே வேலை.

"வந்துரு சாமி, மெதுவா வா, கோவிச்சுக்காத" என்று குழிக்குள் பார்த்துக் கெஞ்சினார்.

பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற ஆரோக்கியம், "என்கிட்டயும் ஒருக்கா இப்படிப் பேசியிருக்கலாங்கண்ணா" என்றான்.

அண்ணன் லீவரை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பொழுது சாயும்போது ஹாமர் முழுசாக வெளியே வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவர் டீம் சேர்க்கவில்லை. ஆரோக்கியம் அதற்குப் பிறகு எங்கேயும் ஆடவில்லை.

இப்போது நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு டீம் உண்டு, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருவனை உள்ளே அனுப்பும் முன், "திட்டட்டுமா, சும்மா இருக்கட்டுமா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் சும்மா இருங்க என்கிறார்கள். கேட்பதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.