நாலு வாசல் கொட்டகை

பூதம் பேசியதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. அது பனைமரத்தைப் பிடுங்கிப் பல் குத்தியதைக்கூட ஒப்புக்கொண்டேன். ஆனால் கொட்டும் மழையில் நனைந்த திரி பற்றிக்கொண்டு வாணம் சீறிப் பறந்தது என்று மாமா சொன்னபோது வந்த கோபம் இருக்கிறதே, பேனாவையே கீழே வைத்துவிட்டேன்.

மாமா என்றால் அத்தையின் கணவர். திருத்தங்கலில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவருக்கும் அத்தைக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. நயா பைசா வந்த புதிதில், தீபாவளி சீசன் நேரத்தில், அங்கே ஓர் அறை தீப்பிடித்தது. அத்தை போய்விட்டாள். அவளைத் தேடி உள்ளே பாய்ந்த மாமாவுக்கு வலது கை விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன. அத்தைக்கு மட்டும் சொல்லிவந்த மாயாஜாலக் கதைகளில் ஒன்றையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். எழுதக் கை இல்லை. ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் அப்பா என்னை அனுப்பிவைத்தார்.

போனவள் அவர் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"நனஞ்ச திரி எப்படி மாமா பிடிக்கும்? ஊருல யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்றீகளா?"

மாமா சிரித்துக்கொண்டே மழையை எடுத்துவிட்டார். குச்சி கட்டாத வாணம் நேராகப் போகாது என்றேன், குச்சி கட்டினார். மூன்று நாள் ஓடும் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டாமா என்றேன். வழியில் ஓர் ஊருணியே வெட்டினார்.

கடைசியில் ராஜாவின் வாணக் கொட்டகை தீப்பிடிக்கிறது. உள்ளே நாற்பது பெண்கள். நாலு பக்கமும் நாலு வாசல். மேற்குச் சுவர் ஓரத்தில் திரி அடுக்கிக்கொண்டிருந்த பூவாயி உட்பட எல்லாரும் வெளியே ஓடிவந்துவிடுகிறார்கள். பிறகு பூதம் வந்து தீயை ஊதி அணைக்கிறது.

"நாலு வாசலா? எந்தக் கம்பெனியிலே நாலு வாசல் இருக்கு? அத்தைக்குச் சோறு கொண்டாந்தப்ப நான் பாத்திருக்கேன், ஒரு வாசல்தான். அங்கன நின்னுதான் அத்தை தூக்குச்சட்டிய வாங்கும்."

"நீ எழுது தாயீ."

"படிக்கிறவுக சிரிப்பாக மாமா. பூவாயி எப்படி வெளிய வருவா?"

"எழுதுன்னு சொல்றேன்ல!"

அதுவரை என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. குதிரைக்குத் தண்ணீர் கொடுத்த மனுஷன், இந்த அநியாயத்தை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார்? வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல படி எடுக்கும்போது நானே திருத்தினேன். கிழக்கு வாசலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அடித்தேன். அப்படியானால் மேற்குச் சுவர் ஓரத்தில் இருப்பவள் தப்ப முடியாது. ஆகவே, 'பூவாயி மட்டும் வரவில்லை' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. மாமாவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. இடது கையால் பக்கத்தைப் புரட்டி, முடிவை இரண்டு தடவை படித்தார். திட்டு விழும் என்று நான் கதவோரம் நின்றேன்.

"இப்பச் சரியாத்தான் இருக்கு தாயீ" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பிறகு அவர் கதையே சொல்லவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை அந்த அறைக்குள் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்று நான் கேட்டது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. அவளை எடுத்தது மேற்குச் சுவர் ஓரத்தில் என்று அம்மா சொன்னாள்.

நாற்பது பேர் வெடிமருந்துக்கு நடுவில் உட்காரும் அறைக்கு ஒரே வாசல் வைத்துக் கட்டியிருந்தானே ஒருவன், அவனிடம் போய் 'இது எப்படி' என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒற்றை வாசல் எனக்கு இயல்பாகத் தெரிந்தது. பேசும் பூதத்தை நம்பிய எனக்கு, இன்னொரு வாசலை நம்ப முடியவில்லை. அந்தச் சுவரில் மாமா அத்தைக்கு ஒரு வாசல் வைத்திருந்தார். முத்து முத்தான கையெழுத்தில் அதை அடைத்தவள் நான்.