லா சப்பலில் ஒரு மூடி போட்ட ஜாடி

காலை ஒன்பது மணிக்குப் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ரயிலுக்குப் பதின்மூன்று யூரோ. வழி முழுக்கப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன், உள்ளே பீங்கான். வெள்ளைப் பரப்பில் சீனத்துப் பாணி நீலப் பூ வேலை செய்த ஆறு தட்டுகள், சில சுவர் ஓடுகள், கொக்குகள் பறக்கும் மூடி போட்ட ஒரு பெரிய ஜாடி. எல்லாம் விருத்தாசலத்தில் என் அக்கா வரைந்தவை.

அங்கிருந்து லா சப்பல் நடக்கிற தூரம்தான். மேல்பாலத்தில் மெட்ரோ தடதடத்தபோது பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தெருவெல்லாம் தமிழ்ப் பலகைகள். நின்று பார்க்க மனம் வரவில்லை. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் தை மாதத்தோடு சூளையை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்தச் சூளைதான் சோறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பேசிச் சமாளித்துவிடுவான் என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஆர்டர் தரவேண்டியவர் சிவம் அண்ணை; பத்து மணிக்குத் தன் வீட்டு அலங்காரப் பொருள் கடையைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு இப்ப சுவரிலை உந்த நீலம்தான் வேணுமாம். எடும் தம்பி, பாப்பம்."

தட்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வடிவாக் கிடக்கு." ஓடுகளுக்கும் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. கடைசியாக ஜாடியை எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.

திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பினார். முகம் மாறிவிட்டது.

"தம்பி, ஆர் செத்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிவம் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை எரிச்ச பிறகு சாம்பலை உப்பிடி மூடி போட்ட ஜாடியிலைதான் தருவாங்கள்."

"என்ரை மனிசன்ரை சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைக்கக் கொண்டு போனதும் நீலப்பூப் போட்டதிலைதான்" என்றார் அந்தப் பெண்மணி.

"எங்க ஊர்ல இதுல ஊறுகாய் போடுவோம்ணே" என்றேன்.

"ஊறுகாயோ! நாளைக்குச் சனம் என்னைச் சாம்பல் சட்டி விக்கிறவன் எண்டு கதைக்கும். எல்லாத்தையும் கட்டும்!"

"தட்டையுமா?"

"எல்லாத்தையும்தான்."

தட்டுகளைத் தாளில் சுற்றினேன். அக்காவிடம் என்ன சொல்வேன்?

அந்தப் பெண்மணி போகவில்லை. மேசைக்கு வந்தார். ஜாடியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு அடியைத் தடவினார்.

"ஒண்டுமில்லை" என்றார், யாரிடமென்று இல்லாமல். பிறகு சிவம் அண்ணையைப் பார்த்து, "அண்ணை, மூடியை எடுத்தால் பூச்சாடி. உதுக்கேன் பிள்ளையை விரட்டுறியள்?"

"அப்ப நீர் வாங்குவீரோ?" என்று மடக்கினார் சிவம் அண்ணை.

"ஓம், வாங்கத்தான் போறன். மூடி எனக்கு வேண்டாம்."

சிவம் அண்ணை ஜாடியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சரி. தட்டு நூறு, ஓடு நூறு, ஜாடி முப்பது அனுப்பும். ஒரு மூடி வந்தாலும் எல்லாம் திரும்பி வரும், சொல்லிப்போட்டன்!"

மறுநாள் காலை விமான நிலையம் போகும் ரயிலில் இருந்து அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாப்பாட்டு நேரம். எங்கள் ஊரில் மூடி இல்லாத ஜாடியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆர்டரை முதலில் சொன்னேன். அவளுக்குப் பின்னால் சூளைப் பெண்கள் கத்திச் சிரித்தது கேட்டது. பிறகு மூடியைச் சொன்னேன்.

"வேணாமா? கொக்கெல்லாம் மூடியிலதானடா பறக்குது."

"கழுத்துல வரையேன்."

"கழுத்துல எடம் ஏது? ஒரு கொக்கு நிக்கலாம். பறக்க முடியாது."

"நிக்கட்டும்க்கா" என்றேன்.