கண்ணாடிக்காரர் போட்ட ஓட்டு

கண்ணாடிக்கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைத்தெருவில் ஒருவரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். அவ்வளவு சாது. எழுத்துப் பலகையில் மூன்றாம் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிற பெரியவர்களிடம்கூட, "பரவாயில்லை, நிதானமாப் படிங்க, நமக்கென்ன ரயிலா ஓடிப்போகுது" என்பார். காது வலிக்கிறது என்று பிள்ளைகள் வந்தால் ஃபிரேமின் காம்பைச் சுடவைத்து, வளைத்து, தன் காதில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். தங்கமான மனிதர். ஆனால் தங்கத்தை உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டுமில்லையா? அந்தக் கல் அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

சகலை, தொழிலில் பல் டாக்டர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கித்தானே ஆகவேண்டும்? கண்ணாடிக்காரரின் தட்டு முதலில் உயரத்தில்தான் இருந்தது. மூத்த மாப்பிள்ளை அவர். மாமனார் வீட்டில் அவர் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். பிறகு டாக்டர் வந்தார், வந்த முதல் வாரமே மாமியாரின் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கினார். பல்லோடு சேர்த்து மூத்த மாப்பிள்ளையின் மவுசையும் பிடுங்கிவிட்டார் என்பது கண்ணாடிக்காரருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவி சத்தம் குறையாதபோதுதான் தெரிந்தது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி ஒருநாளும் தன் தங்கை புருஷனோடு அவரை ஒப்பிட்டுப் பேசியவள் இல்லை. அந்த வேலையை அவரே, சம்பளமில்லாமல், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார். தங்கை வீட்டில் புது சோபா என்று மனைவி சொன்னால் அது வெறும் சோபாச் செய்திதான். அவருக்கோ அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஊர் என்ன நினைத்தால் என்ன, இவள் கண்ணில் தான் ஒரு படி மேலே இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கென்று அவரிடம் ஒரு சொத்து இருந்தது. டேபிள் டென்னிஸ். வாலிபத்தில் நன்றாக ஆடியவர், பிறகு நடுவராகி, வலையின் உயரத்தை அளக்கும் அளவுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே திரிந்து, கடைசியில் தேசிய டேபிள் டென்னிஸ் சங்கத்தின் இணைச்செயலாளர் வரைக்கும் வந்துவிட்டார். இணைச்செயலாளர் என்றால் என்ன? மண்டபம் பிடிப்பது, மேசைகளை இறக்குவது, பந்து வாங்குவது, ஆட்ட அட்டவணை போடுவது, தோற்றவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் இவர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படத்துக்கு நிற்பது செயலாளர். என்றைக்காவது ஒருநாள் பெரிய நாற்காலி தனக்கு வரும், மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தார். காத்திருக்கிறவனுக்குப் பந்தியில் கடைசி இடம் என்பது அவருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

அந்த ஆட்டத்துக்குள் டாக்டரை இழுத்துவிட்டதும் அவரேதான். "அண்ணே, தொந்தி போடுது. எனக்கும் கொஞ்சம் கத்துக் கொடுங்களேன்" என்று வந்தவருக்குத் தன் பழைய பேட்டைக் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். சில வருஷம் கழித்து கிளப் இறுதி ஆட்டத்தில் இரண்டு சகலைகளும் எதிரெதிரே நின்றார்கள். கடைசி செட்டில் இருவரும் சரிக்குச் சரி. கண்ணாடிக்காரர் அடித்த பந்து வெளியே போய்விட்டது என்று நடுவர் கை காட்டினார். டாக்டர்தான், "இல்ல சார், என் பக்கத்து விளிம்புல உரசிட்டுத்தான் போச்சு. பாயின்ட் அண்ணனுக்கு" என்றார். அடுத்த பந்திலேயே கோப்பை கண்ணாடிக்காரர் கைக்கு வந்துவிட்டது. இன்றும் கடையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதுதானா சார், டாக்டர் விட்டுக்கொடுத்த கப்?" ஜெயித்தது இவர், பெயர் வாங்கியது அவர்.

இந்த நிலையில்தான் சங்கத்தில் பூகம்பம் வந்தது. தலைவர் ஒரு பெரிய ஆலை முதலாளி. நாற்காலியில் உட்கார்ந்தவர் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். அவருக்கு எதிராக நிற்க யாருக்கும் துணிவில்லை. அந்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்கு அணியை அனுப்பியபோது, பயிற்சியாளரை இங்கேயே விட்டுவிட்டு, மேலாளர் என்று தன் மச்சானையும் உதவி மேலாளர் என்று மச்சானின் மனைவியையும் விமானம் ஏற்றினார். இடைவேளையில் ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் பிள்ளைகள் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்து நடந்த தேசியப் போட்டியின் முதல் நாள், ஆட வந்தவர்கள் எல்லாரும் பேட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் விலகாமல் பந்தைத் தொடமாட்டோம் என்றார்கள்.

கண்ணாடிக்காரர் அன்று என்ன செய்தார்? தலைவர் பக்கம் போய், "பிள்ளைங்க சின்னவங்க, கோபப்படாதீங்க" என்றார். பிள்ளைகள் பக்கம் வந்து, "தலைவர் பெரியவர், கொஞ்சம் பொறுங்க" என்றார். மதில்மேல் பூனையாக அங்கும் இங்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தார். டாக்டரோ மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்து, பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். உலகச் சங்கம் கண்டித்து, நம் சங்கத்தைத் தடை செய்து, நிர்வாகக் குழுவே கலைந்தது. தற்காலிகக் குழு ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டார்கள்.

கிளைச் சங்கத்தார் எல்லாம் கூடிப் பேச அழைத்தபோது கண்ணாடிக்காரர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். தலைவராக நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். உடனே சரி என்று சொல்லக்கூடாது, இரண்டு முறை மறுக்கவேண்டும், மூன்றாவது முறை பெருமூச்சு விட்டுச் சம்மதிக்கவேண்டும். லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் அதை ஒத்திகை பார்த்தார். கூட்டத்தில் அணியின் பயிற்சியாளர் எழுந்து இவரையே பார்த்தார். இவர் மறுப்பதற்கு வாயைத் திறந்துவிட்டார்.

"சார், நீங்கதான் செய்யணும்" என்றார் பயிற்சியாளர். "டாக்டர் நிக்கமாட்டேன்னு அடம் பிடிக்கறார். நீங்க சொன்னாத்தான் கேப்பார். உங்க கையாலயே அவர் பேரை முன்மொழியணும்."

இரண்டு தடவை மறுக்கத் தயாராக இருந்தவர் ஒரே தடவையில் தலையாட்டிவிட்டார். வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட பேனாவின் முனை வளைந்துவிட்டது, அவ்வளவு அழுத்தம். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, நீங்களா முன்மொழிஞ்சீங்க?"

"வேற யாரு செய்வா? நம்ம பிள்ளை மாதிரி."

"உங்க மனசு யாருக்கு வரும்" என்றாள் அவள். அவளுடைய குரலில் அப்படியொரு குளுமையை அவர் கேட்டு வெகுகாலமாயிற்று. அன்றைக்கு ஒரு நாளைக்கு அது போதுமாயிருந்தது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது.

எதிரே நின்றவர் பழைய தலைவரின் ஆள், சிமெண்ட் வியாபாரி. ஓட்டு மொத்தம் இருபத்தேழு. தேர்தல் நடந்தது வழக்கமான விளையாட்டு மண்டபத்தில்தான். மேசைகளை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். போட்டவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. காலையிலிருந்து நாற்காலி, மைக், ஓட்டுப்பெட்டி என்று அலைந்துகொண்டிருந்தார். பின்வரிசையில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றதும் அவருக்கு ஒரு கணக்கு வந்தது. சிமெண்ட்காரருக்கு எப்படியும் பத்து ஓட்டு விழும். சகலை ஜெயித்துவிடுவார், ஜெயிக்கட்டும், அதைத் தடுக்க இவரால் ஆகாது. ஆனால் முழுசாக ஜெயிக்கவேண்டுமா? ஒன்றாவது குறையட்டுமே. இந்த உலகத்தில் அவனுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கட்டுமே. பத்தோடு பதினொன்று, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிமெண்ட்காரர் பெயருக்கு எதிரே அழகாக ஒரு பெருக்கல் குறி போட்டு, நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். வெளியே வந்தவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு டீ இனித்தது.

நீதிபதி எண்ணி முடித்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு படித்தார். "டாக்டருக்கு இருபத்தாறு. எதிர்த்தவருக்கு ஒன்று."

கண்ணாடிக்காரர் கணக்குப் போட்ட பத்து ஓட்டு எங்கே போயிற்று? பழைய ஆட்கள் திரும்பி வந்தால் தடை நீங்காது என்று காலையில்தான் உலகச் சங்கத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. சிமெண்ட்காரரின் ஆட்கள் ஒட்டுமொத்தமாகக் கட்சி மாறிவிட்டார்கள். பெயரை வாபஸ் வாங்க நேரம் கடந்துவிட்டதால் அது சீட்டில் அப்படியே இருந்திருக்கிறது. இது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். இவருக்கு யாரும் சொல்லவில்லை. முன்மொழிந்தவரிடம் போய் யாருக்குப் போடவேண்டும் என்று யாராவது சொல்வார்களா?

"யாருய்யா அந்த ஒரு ஆளு?" என்று ஆட்டக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிமெண்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் துள்ளி எழுந்தார். "என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், நானே டாக்டருக்குத்தான் போட்டேன்! எனக்கு எதுக்குய்யா இந்த வம்பு?"

"பொய்!" என்றான் ஒருவன். நாற்காலி ஒன்று சாய்ந்தது. சிமெண்ட்காரரின் சட்டையை யாரோ பிடித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போது டாக்டர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"அவரை விடுங்க. யாரையும் தேட வேண்டாம். அந்த ஓட்டு என்னோடது. எனக்கு நானே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் சிமெண்ட் அண்ணாச்சிக்குப் போட்டேன். மன்னிச்சுக்குங்க."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். சட்டையைப் பிடித்தவனே சிமெண்ட்காரரைக் கட்டிக்கொண்டான். "மனுஷன்னா இவர் மனுஷன்" என்று நீதிபதியே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கண்ணாடிக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். தப்பித்துவிட்டார், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பாருங்கள், பொறாமைக்கு மூளை கிடையாது. மாமனார் வீட்டை எடுத்துக்கொண்டான். கோப்பையின் பெயரை எடுத்துக்கொண்டான். தலைவர் நாற்காலியை எடுத்துக்கொண்டான். நான் செய்த துரோகம் ஒன்றுதான் எனக்கென்று பாக்கி இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு அதற்கும் கைதட்டு வாங்குகிறானே! அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"அது என் ஓட்டு!" என்று கத்தினார். "நான் போட்டேன்! அவர் பொய் சொல்றார். நான்தான் போட்டேன்!"

மண்டபம் அவரைப் பார்த்தது. பிறகு பயிற்சியாளர் சிரித்தார். "சார், போதும் இறங்குங்க. முன்மொழிஞ்சவரே எதிர்த்துப் போடுவாரா? கேக்கறவன் கேனையனா?"

"சத்தியமா நான்தான்யா!"

"பாத்தீங்களா?" என்று பயிற்சியாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பெட்டியில விழுந்த ஒரு ஓட்டுக்கு ரெண்டு சகலையும் போட்டி போடறாங்க. தம்பி மேல ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறார். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும்?"

மறுபடியும் கைதட்டல். இந்த முறை இவருக்கு. அவரை நாற்காலியிலிருந்து தூக்கி இறக்கி, மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். படம் எடுக்கிறவர், "கட்டிப் பிடிங்க சார், நெருங்கி, இன்னும் நெருங்கி" என்றார். டாக்டரின் கன்னம் காதோரம் உரசியது.

"விடுங்கண்ணே" என்றார் டாக்டர், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்குத் தெரியும். விட்டுடுங்க."

அந்தச் சூட்டோடு சூடாக, செயலாளர் பதவிக்கு அவர் பெயரை யாரோ சொல்ல, அத்தனை கைகளும் உயர்ந்தன. எத்தனையோ வருஷமாக ஏங்கிய பதவி. மாலை போட்டார்கள். மாலைக்குள்ளிருந்து அவர் பின்வரிசையைப் பார்த்தார். மச்சினி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். மனைவி உட்கார்ந்தே இருந்தாள், கை மடியில் இருந்தது.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாலையைக் கையில் வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, மறுபடி மடியில் வைத்தார்.

"ஒருத்தனும் நம்பல பாத்தியா" என்றார் கடைசியில், சிரிக்க முயன்று. "தொண்டை கிழியக் கத்தினேன்."

"நான் நம்பினேன்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொன்ன உடனே நம்பிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல" என்றாள் அவள், கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமல். "அந்த மண்டபத்துல அத்தனை பேரும் உங்களை நல்லவர்னு நினைக்கறாங்க. நான் ஒருத்திதான் நினைக்கல."

இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் முதலில் இறங்கி நடந்தாள்.